உக்கடம் குளத்துல கிடக்கிறது யாரோட மண்ணு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்கடம் பஸ் ஸ்டாண்ட்ல பொள்ளாச்சி வண்டிக்காக நின்ன அனுபவம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கும். சீட்டு பிடிக்கிற அவசரத்துல பெரியகுளத்தை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. பார்த்தாலும் மேம்பாலம் தெரியும், கரையில நடைபாதை தெரியும், செல்ஃபி எடுக்கிற கூட்டம் தெரியும். தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு யோசிக்க மாட்டோம்.

அடியில வண்டல் இருக்கு. வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து வர்ற நொய்யல் தண்ணி வாய்க்காலாப் பிரிஞ்சு, ஒரு குளம் நிறைஞ்சு அடுத்த குளத்துக்குன்னு இறங்கி வருது. ஒவ்வொரு மழைக்கும் மேட்டுக்காட்டு மண்ணையும் கரைச்சுக் கூட்டிட்டு வருது. ஓடுற தண்ணி மண்ணைத் தூக்கும், நிக்கிற தண்ணி மண்ணை இறக்கி வைக்கும். 300 ஏக்கருக்கு மேல இருக்கிற இந்தப் பெரியகுளம் அப்படி மண்ணை இறக்கி வைக்கிற இடம். அது யாரோ ஒருத்தரோட காட்டு மேல்மண்ணு.

இதை ஏன் இப்போ எழுதறேன்னா, போன தீபாவளிக்கு வீட்ல ஒரு பேச்சு வந்துச்சு. கிணத்துக்கடவு பக்கம் அப்பிச்சிக்கு நாலு ஏக்கர் இருக்கு. வெளைச்சல் வருஷா வருஷம் குறையுது. குத்தகைக்கு விடலாமா, சைட்டு போட்டு வித்துடலாமான்னு மாமாவும் அம்மாவும் பேசிட்டு இருந்தாங்க. ரொம்ப நேரம் பேசாம இருந்த அப்பிச்சி ஒண்ணே ஒண்ணு சொன்னாரு: "வித்தா வித்துக்குங்க. ஆனா வெளையலைன்னு சொல்லி விக்காதீங்க. இருபது வருஷமா அதுகிட்ட எடுத்தோமே, திருப்பி என்னத்தக் குடுத்தோம்?"

யாருக்கும் பதில் தெரியலை. எனக்கும்தான். நாமதான் இன்ஜினியரிங் படிக்கிறோமே, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். உங்க வீட்லயும் இந்தப் பேச்சு ஓடிட்டு இருந்தா, இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

பில் வராத செலவு

முதல் கேள்வி: மண்ணு எவ்ளோ போகுது?

இந்தியாவுல சராசரியா ஒரு ஹெக்டேர்ல இருந்து வருஷத்துக்கு 16.35 டன் மண் அரிச்சுப் போகுதுன்னு 1983-ல ஒரு மதிப்பீடு வெளியாச்சு. இன்னைக்கும் பாடப்புத்தகங்கள்ல அதிகம் வர்ற எண் இதுதான். ஏக்கருக்கு மாத்தினா 6.6 டன். மண்ணோட அடர்த்தி கன மீட்டருக்கு 1.4 டன்னு வெச்சா, ஏறக்குறைய 4.7 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிரெய்லர்ல 3 கன மீட்டர் பிடிக்கும். ஆக, ஏக்கருக்கு ஒன்றரை லோடு மண்ணு வருஷா வருஷம் காட்டை விட்டுக் கிளம்பிடுது. இது நாட்டுச் சராசரி. சரிவான செம்மண் காட்டுல கூடும், வரப்பு போட்ட சமதளத்துல குறையும்.

யாராவது டிராக்டரைக் கொண்டு வந்து உங்க காட்டுல ஒன்றரை லோடு மண்ணை அள்ளிட்டுப் போனா சும்மா விடுவீங்களா? சண்டைக்குப் போவீங்க. மழை அள்ளிட்டுப் போறப்போ மட்டும் கண்ணுக்குத் தெரியறதில்லை. ஏன்னா தடிமன்ல பார்த்தா அது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். ஆனா போறது மேல இருக்கிற மில்லிமீட்டர். மக்குன இலை, சாணி, போன வாரம் காசு குடுத்துப் போட்ட உரம் எல்லாம் அதுலதான் இருக்கு. மழைத்தண்ணி எடை குறைஞ்ச சன்னமான துகளைத்தான் முதல்ல தூக்கும். மணலும் கல்லும் உங்களுக்கு, சத்து குளத்துக்கு.

இந்த நஷ்டத்துக்கு யாரும் பில் அனுப்பறதில்லை. விவசாயக் கணக்குல விதை, உரம், ஆள் கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் வரும். மண்ணு போன செலவு வராது. கணக்குல வராத செலவை யாரும் குறைக்கப் பார்க்கறதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வர்றது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

புராக்டர் டெஸ்டுக்கு நேர் எதிர்

சிவில் நண்பர்களுக்கு இது சுலபமாப் புரியும். ரோடு போட மண்ணை எப்படித் தயார் பண்ணுவீங்க? புராக்டர் டெஸ்ட் பண்ணி, அதிகபட்ச உலர் அடர்த்தியில 95 சதவீதத்துக்கு மேல வர்ற வரைக்கும் ரோலரை ஓட்டுவீங்க. காத்துக்கும் தண்ணிக்கும் இடமே இருக்கக் கூடாது.

விவசாய மண் இதுக்கு அப்படியே எதிர்ப்பக்கம். நல்ல மண்ணுல கன அளவுல பாதி வெற்றிடம். அந்தப் பாதியில ஒரு பங்கு தண்ணி, ஒரு பங்கு காத்து. மீதிப் பாதி மண் துகள், அதுல சில சதவீதம் மட்டும் மக்கு. அந்தச் சில சதவீதம்தான் பெரிய வேலையெல்லாம் செய்யுது. மக்கைத் தின்னு வாழ்ற பாக்டீரியா விடற பசையும், பூஞ்சை இழைகளும் மண் துகள்களை ஒட்டிக் குருணை குருணையா ஆக்குது. குருணைக்கும் குருணைக்கும் நடுவுல பெரிய துளை, அது வழியா மழை உள்ள இறங்கும். குருணைக்குள்ள சின்னத் துளை, அதுல தண்ணி தங்கும். மக்கு தீர்ந்தா பசை தீரும், பசை தீர்ந்தா குருணை உடையும். மழைத்துளி அடிச்சதும் தூளாகி, துளையை அடைச்சு, மேல ஒரு பொருக்கு கட்டிடும். அப்புறம் தண்ணி உள்ள போக வழியில்லாம சரிவைப் பார்த்து ஓடும், மண்ணையும் கூட்டிட்டு.

இதை ஹாஸ்டல் ரூம்லயே பார்க்கலாம். ரெண்டு கண்ணாடி டம்ளர், ரெண்டு டீ வடிகட்டி எடுத்துக்குங்க. அடிக்கடி உழுற காட்டுல இருந்து நல்லாக் காய்ஞ்ச ஒரு மண்கட்டி. அதே காட்டு வரப்போரம், புல்லு வேருக்கு அடியில இருந்து இன்னொரு கட்டி. டம்ளர் நிறையத் தண்ணி ஊத்தி, வடிகட்டியில கட்டியை வெச்சு முக்குங்க. அஞ்சு நிமிஷம் போதும். வரப்பு மண்ணு பெரும்பாலும் அப்படியே நிக்கும், உழுத மண்ணு பொலபொலன்னு கரைஞ்சு அடியில சேறாகும். ரெண்டும் ஒரே மண் வகை, ஒரே மழை. நடுவுல பத்தடிதான் தூரம். நான் செஞ்சு பார்த்தப்போ ரூம்மேட் ஒரு வார்த்தை பேசலை, இன்னொரு தடவை செய்யச் சொன்னான்.

ரொட்டவேட்டரால இன்னொரு பிரச்சினையும் உண்டு. மேல நாலஞ்சு அங்குலத்தை மாவு மாதிரி ஆக்கும். வருஷா வருஷம் அதே ஆழத்துல ஓட்ட ஓட்ட, அதுக்குக் கீழ ஒரு கெட்டித் தட்டு உருவாகும். நீங்க ரோலர் போட்டுச் செய்யறதை அது வயலுக்கு அடியில செஞ்சு வைக்குது. வேர் அங்க முட்டி நிக்கும். அதனாலதான் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை உளிக்கலப்பை போட்டு அந்தத் தட்டை உடைக்கச் சொல்றாங்க.

1909-ல ஆரம்பிச்ச கணக்கு

"இதெல்லாம் சரிப்பா, வெளைச்சல்ல வித்தியாசம் வருமா?" நியாயமான கேள்வி. ஒரு வருஷச் சோதனையை நம்ப முடியாது. மழை மாறும், விதை மாறும். நீண்ட காலத் தரவு வேணும். அது உக்கடத்துல இருந்து டவுன் பஸ் தூரத்துலயே இருக்கு.

1868-ல சென்னை சைதாப்பேட்டையில தொடங்கின வேளாண் பள்ளி, பின்னாடி கோவைக்கு வந்து வேளாண் கல்லூரி ஆச்சு. இன்னைக்கு அதுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கல்லூரி வந்த புதுசுலயே, 1909-ல, நிரந்தர உரச் சோதனைன்னு ஒண்ணை அங்க ஆரம்பிச்சாங்க. நிலத்தைப் பாத்தி பாத்தியாப் பிரிச்சு, ஒரு பாத்திக்கு எதுவுமே போடறதில்லை. ஒண்ணுக்கு தழைச்சத்து மட்டும், ஒண்ணுக்கு மணிச்சத்து மட்டும், ஒண்ணுக்கு தழை, மணி, சாம்பல் மூணும், ஒண்ணுக்கு மாட்டு எரு மட்டும். இப்படி எந்தப் பாத்திக்கு எதுவோ, அதையே வருஷா வருஷம் போடறது. அது மானாவாரிச் சோதனை. 1925-ல பாசனத்துக்குன்னு இன்னொரு சோதனையும் சேர்ந்துச்சு. இங்கிலாந்து ரோத்தம்ஸ்டெட்ல 1843-ல ஆரம்பிச்ச கோதுமைச் சோதனை இந்த வகையில உலகத்துக்கே மூத்தது. நம்ம கோவைச் சோதனை இந்தியாவோட மிகப் பழைய உரச் சோதனைகள்ல ஒண்ணு. 1972-ல அகில இந்திய நீண்ட கால உரச் சோதனைத் திட்டத்துல இன்னொரு களமும் கோவையில வந்துச்சு.

ரெண்டு உலகப் போரு, சுதந்திரம், பசுமைப் புரட்சி எல்லாம் வந்து போச்சு. அந்தப் பாத்திகளுக்கு அதே உரம் போயிட்டே இருந்துச்சு. மண்ணோட பில்லை யாரோ உட்கார்ந்து எழுதி வெச்ச இடம் அது.

கோவையிலயும் நாட்டுல மத்த களங்கள்லயும் இருந்து வந்த பாடத்தை மூணு வரியில சொல்லலாம். எதுவும் போடாத மண்ணு சாகறதில்லை, ஆனா ரொம்பக் குறைஞ்ச வெளைச்சல்ல போய் நின்னுடும். தழைச்சத்து மட்டும் போட்ட மண்ணு ஆரம்பத்துல பச்சையாக் காட்டும், மத்த சத்துக்கள் தீரத் தீர கீழ இறங்கும். சமச்சீரா ரசாயன உரம் போட்டுக் கூடவே தொழு உரமும் சேர்த்த பாத்திதான் வெளைச்சல்லயும் முன்னாடி, மண்ணுல அங்கக கார்பன் சேர்றதுலயும் முன்னாடி.

இதுல "ரசாயனமே விஷம்"ங்கிற கட்சிக்கும் இடமில்லை, "மூட்டையைக் கொட்டு, வெளையும்"ங்கிற கட்சிக்கும் இடமில்லை. ரெண்டும் சேர்ந்தது ஜெயிக்குது. நம்ம ஊர்ல பெரும்பாலும் நடக்கிறது, மாட்டை வித்தாச்சு, யூரியா மட்டும் போகுது. அதாவது அந்தச் சோதனையில கீழ இறங்கின பாத்தியைத்தான் நாம காட்டுல திரும்பச் செஞ்சிட்டு இருக்கோம்.

சாணிக் கணக்கு எங்க தப்பாகுது

45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50. அதுல 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20.7 கிலோ. கிலோ 13 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ. அரசு மானியம் போகத்தான் இந்த விலை.

தொழு உரத்துல தழைச்சத்து அரை சதவீதம் சுமாருக்கு இருக்கும். ஏக்கருக்கு 5 டன் போட்டா 25 கிலோ. யூரியா விலையில அதோட மதிப்பு ஏறக்குறைய 320 ரூபாய்! உங்க ஊர்ல ஒரு டிராக்டர் லோடு எரு என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. அதை இறக்கிக் கலைக்க ஆள் கூலியும் சேருங்க. இந்தக் கணக்கைப் பார்க்கிற யாரும் "சாணி கட்டுபடியாகாது"ன்னுதான் சொல்வாங்க. எங்க மாமாவும் அதைத்தான் சொன்னாரு. கணக்கு தப்பில்லை, கணக்குல சேர்த்தது பத்தலை.

எருவுல மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம் மாதிரி நுண்சத்துக்களும் வருது. குருணைக்குப் பசை வருது. யூரியாவுல போடற தழைச்சத்துல சாதாரணமா 30-ல இருந்து 50 சதவீதம்தான் பயிருக்குப் போகுது, மீதி காத்துலயும் தண்ணியிலயும் கலந்துடும். மண்ணுல மக்கு இருந்தா அந்தப் பிடிமானம் கூடும். அதாவது எரு, நீங்க காசு குடுத்து வாங்கின உரத்தையும் வேலை செய்ய வைக்குது. இந்த வரவு எதுக்கும் ரசீது இல்லை.

தண்ணிக்கும் அதே கதை. தமிழ்நாட்டுல விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். அது தேவைதான், மறுக்கலை. ஆனா தண்ணி மிச்சம் பிடிச்சா மாசக் கணக்குல ஒரு ரூபா கூடத் தெரியாது. கொங்கு நாட்டுல ஆயிரம் அடி போர் போட்டும் புகை வந்த காடு எத்தனை! அன்னைக்குத்தான் மொத்தப் பில்லும் ஒரே நாள்ல வரும், லட்சத்துல.

வாட்ஸ்அப் கணக்கும் நிஜக் கணக்கும்

இங்க நாமளும் கொஞ்சம் நேர்மையா இருக்கணும். மண்வளம் பத்திப் பேசற பல பேர் எண்ணை ஊதிப் பெருசாக்கறாங்க. மக்கு 1 சதவீதம் கூடினா ஏக்கருக்கு 75,000 லிட்டர் தண்ணி கூடுதலாப் பிடிக்கும்னு ஒரு கணக்கு இணையத்துல சுத்துது. உலகம் முழுக்க வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல சிட்னி பல்கலைக்கழக மண்ணியலாளர்கள் கணக்குப் போட்டாங்க. அங்கக கார்பன் 1 சதவீதம் கூடினா, 100 மில்லிமீட்டர் ஆழ மண்ணுக்குப் பயிர் எடுத்துக்கக்கூடிய தண்ணி சராசரியா 1.2 மில்லிமீட்டர்தான் கூடுது. ஓரடி ஆழத்துக்கு 3.5 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 14,000 லிட்டர். ரெண்டு டேங்கர் லாரிக்குக் கொஞ்சம் மேல.

அந்த 1 சதவீதமும் சும்மா வராது. ஒரு ஏக்கர்ல அரையடி ஆழ மண்ணோட எடை 850 டன். அதுல அங்கக கார்பனை 0.4-ல இருந்து 0.9 சதவீதத்துக்குக் கொண்டு வரணும்னா 4.25 டன் கார்பன் அங்க தங்கணும். 5 டன் தொழு உரத்துல பாதி ஈரம். காய்ஞ்ச பாதியில கார்பன் முக்கால் டன் இருக்கும். நம்ம வெயிலுக்கு அதுல பெரும்பகுதி கரியமில வாயுவாப் போயிடும். ஒரு பேச்சுக்கு அஞ்சுல ஒரு பங்கு தங்குதுன்னு வெச்சுக்கிட்டா, வருஷம் 0.15 டன். மொத்தம் 28 வருஷம் ஆகும். "ரெண்டே வருஷத்துல மண்ணை மாத்திடலாம்"னு யாராவது பாட்டில் வித்தா, இந்தக் கணக்கைக் காட்டுங்க.

அப்போ எல்லாம் வீணா? இல்லை. கார்பன் மெதுவாத்தான் ஏறும், ஆனா மழை உள்ள இறங்கறதை இந்த வருஷமே மாத்தலாம். 40 மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு ஏக்கர் மேல விழறது 1.6 லட்சம் லிட்டர். அதுல கால்வாசி ஓடிப்போனா 40,000 லிட்டர் போச்சு, ஒரே மழையில. சரிவுக்குக் குறுக்க உழுது, வரப்பைச் சரி பண்ணி, தரையை மூடி வெச்சு அதுல பாதியை நிறுத்தினாலும் 20,000 லிட்டர். 28 வருஷம் காத்திருந்து கிடைக்கிறதை விட அதிகம். எதை முதல்ல செய்யணும்னு இந்த ஒரு ஒப்பீடே சொல்லிடுது.

நம்ம பக்கம் எது நடக்கும், எது நடக்காது

உலக அளவுல மண் காக்கும் விவசாயத்துக்கு மூணு விதி சொல்வாங்க: மண்ணை முடிஞ்ச வரை கிளறாதே, தரையை வெறுமனே விடாதே, பயிரை மாத்திப் போடு. அப்படியே இங்க இறக்குமதி பண்ண முடியாது. சோளம் அறுத்ததும் தட்டைக் காட்டுலயே மூடாக்கா விடுன்னு சொன்னா, மாடு வெச்சிருக்கிறவர் சிரிப்பாரு. அவருக்கு அது தீவனம். அப்போ அந்த மாட்டோட சாணி திரும்பக் காட்டுக்கு வருதான்னு பார்க்கணும், அதுதான் நம்ம ஊர்க் கேள்வி.

தென்னைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மட்டையும் உரிமட்டையும் அங்கயே கிடக்கு, கொளுத்தாம மரத்தைச் சுத்திப் பரப்பினாலே மூடாக்கு. பொள்ளாச்சிப் பக்கம் மலை மாதிரிக் குவிஞ்சிருக்கிற நார்க்கழிவைப் பச்சையாப் போடறதுதான் தப்பு. அதுல ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல கார்பன். அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணுல இருக்கிற தழைச்சத்தையே பிடுங்கிக்கும், மரம் மஞ்சளாகும். சிப்பிக்காளான் விதையும் கொஞ்சம் யூரியாவும் அடுக்கடுக்காப் போட்டு மக்க வைக்கிற முறையை நம்ம வேளாண் பல்கலைக்கழகம்தான் பரப்புச்சு. அப்படி மக்க வெச்சா அந்த விகிதம் 24-க்கு 1 அளவுக்கு இறங்கிடும். கழிவு எருவாகுது.

மாடு இல்லாத வீட்டுக்குப் பசுந்தாள் உரம். சணப்பை, தக்கைப்பூண்டு, இல்லைன்னா பலதானியம் விதைச்சு, 45 நாள்ல பூ எடுக்கிறப்போ மடக்கி உழறது. நல்லா வந்தா ஏக்கருக்கு 25-ல இருந்து 40 கிலோ தழைச்சத்து, மக்கு தனி. செலவு விதையும் ரெண்டு உழவும். ஆனா 45 நாளைக்குத் தண்ணியும் காலமும் வேணும், பயிர் போடாத இடைவெளியில மழை கிடைச்சாத்தான் இது கட்டுபடியாகும். ஆடு இருக்கிற ஊருன்னா பட்டி போடலாம். ராத்திரிக்கு ஆட்டை அடைச்சு, தினம் பட்டியை நகர்த்தினா, எருவைச் சுமக்கிற கூலி மிச்சம்.

இன்னொண்ணு, நம்ம முன்னோருங்க கண்டுபிடிச்சது: காங்கயம் பக்கத்துக் கொரங்காடு. வெள்ளாமைக்குத் தண்ணி பத்தாத காட்டை உழாம விட்டுட்டாங்க. சுத்தி முள்கிளுவை உயிர்வேலி, நடுவுல அங்கங்க வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல். உள்ள காங்கயம் மாடும் ஆடும் மேயும். மண்ணைக் கிளறறதில்லை, தரை வெறுமனே கிடக்கிறதில்லை, சாணி விழுந்த இடத்துலயே மக்குது. வருமானம் கன்னுக்குட்டியில, ஆட்டுல. அந்த மூணு விதியும் புத்தகத்துல வர்றதுக்கு முன்னாடியே அங்க நடைமுறையில இருந்துச்சு.

மறுபடி உக்கடம்

அப்போ ஒரு சந்தேகம் வரும். நம்ம மண்ணுதானே குளத்துல கிடக்கு, அள்ளிட்டு வந்து போட்டுடலாமே?

பழைய ஆளுங்க அதைத்தான் செஞ்சாங்க. கோடையில குளம் வத்தினா வண்டி கட்டிட்டுப் போய் வண்டல் அள்ளிக் காட்டுல அடிப்பாங்க. குளமும் ஆழமாகும், காடும் தேறும். தமிழ்நாடு அரசு இப்பவும் நீர்நிலைகள்ல இருந்து விவசாயத்துக்கு வண்டல் எடுக்க இலவச அனுமதி குடுக்குது. புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது 30 டிராக்டர் லோடு. நஞ்சைக்கு 75 கன மீட்டர். 2024-ல இருந்து தாசில்தார் அளவுலயே அனுமதி வாங்கிக்கலாம். மேல போட்ட கணக்கை ஞாபகம் வெச்சுக்குங்க. ஏக்கருக்கு வருஷம் ஒன்றரை லோடுன்னா, 30 லோடுங்கிறது இருபது வருஷம் போன மண்ணு. அப்பிச்சி சொன்ன அதே இருபது வருஷம்.

ஆனா உக்கடத்து வண்டலை எடுத்துட்டுப் போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நகரம் வளர வளர சாக்கடையும் பட்டறைக் கழிவும் அதே வாய்க்கால்ல கலந்துச்சு. உக்கடம் கழிவுநீர்ப் பண்ணை மண்ணை எடுத்துப் பார்த்த ஆய்வுகள்ல ஒரு விசித்திரம் இருக்கு. அங்கக கார்பன் அமோகமா இருக்கு, கூடவே ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களும் சேர்ந்திருக்கு. கார்பன் ஒண்ணையே பார்த்தா அது கோவையிலயே அருமையான மண்ணு! அந்த உலோகங்கள் மக்காது, கழுவினாலும் சுலபத்துல போகாது. தீவனப் புல்லு வழியா மாட்டுக்கு, பாலுக்கு, நமக்குன்னு நகரும்.

மலையில இருந்து மண்ணு இறங்கி வர்றதும், வண்டியில திரும்ப ஏறிப் போறதும் ஒரு சுற்று. அந்தச் சுற்றை நடுவுல அறுத்தது நம்ம நகரம். ஊர்ப்புறத்துக் குளங்கள்ல அது இன்னும் அறுபடலை. உங்க ஊர்க் குளத்துக்குச் சாக்கடை வரலைன்னா அந்த வண்டல் தங்கம். வருதுன்னா பரிசோதனை பண்ணாமத் தொடாதீங்க.

பொங்கல் லீவுல ஒரு வேலை

படிச்சுட்டு விட்டுடாதீங்க, அரை நாள் வேலை ஒண்ணு இருக்கு.

அறுவடை முடிஞ்சு, அடுத்த உரம் போடறதுக்கு முன்னாடி மண் மாதிரி எடுங்க. ஒரே மாதிரி இருக்கிற காட்டுல வளைஞ்சு வளைஞ்சு நடந்து 10-ல இருந்து 15 இடம் தேர்ந்தெடுங்க. வரப்போரம், எருக்குழி, மரத்து நிழல் வேண்டாம். மேல கிடக்கிற சருகை ஒதுக்கிட்டு, அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரிக் குழி வெட்டி, அதோட பக்கவாட்டுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு அங்குலத் தடிமனுக்குச் சீவி எடுங்க. எல்லா மண்ணையும் ஒண்ணாக் கலந்து, வட்டமாப் பரப்பி, நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளிடுங்க. அரைக் கிலோ ஆகிற வரைக்கும் இதையே செய்யுங்க. நிழல்ல உலர்த்தி, துணிப்பையில போட்டு, சர்வே நம்பர், அடுத்த பயிர் எல்லாம் எழுதி, பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்துலயோ மண் பரிசோதனை நிலையத்துலயோ குடுங்க.

2015-ல வந்த மண்வள அட்டைத் திட்டத்துல 12 விஷயம் பார்ப்பாங்க: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, அங்கக கார்பன். எந்த மூட்டை தேவையில்லைன்னு தெரிஞ்சாலே இந்த வருஷமே காசு மிச்சம். அட்டை சொல்லாத விஷயமும் உண்டு. குருணை நிக்குதா, அடியில கெட்டித் தட்டு இருக்கா, உலோகம் கலந்திருக்கா, இதெல்லாம் அதுல வராது. முதலாவதுக்கு டம்ளர் சோதனை இருக்கு. ரெண்டாவதுக்கு மழை பெஞ்ச மறுநாள் ஒரு கம்பியை நேராக் குத்துங்க, எந்த ஆழத்துல கை முட்டி நிக்குதுன்னு பாருங்க. மூணாவதுக்கு, சந்தேகம் இருந்தா தனியா ஆய்வகத்துக்கு அனுப்பணும்.

நான் போன மாசம் அப்பிச்சியோட காட்டுல மண் எடுத்தேன். குழி வெட்டறப்போ அவரு வரப்புல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தாரு. "என்ன கண்ணு, டாக்டருகிட்டக் குடுக்கப் போறியா?"ன்னாரு. "ஆமாங்க அப்பிச்சி, ரிசல்ட் வரட்டுங்க, அப்புறம் மாமாகிட்டப் பேசலாங்க"ன்னேன். கம்பி ஆறு அங்குலத்துல முட்டுச்சு. அதை நோட்டுல எழுதினப்போ அவரு எட்டிப் பார்த்து, "அதுக்குங் கீழ நல்ல மண்ணு இருக்குது சாமீ"ன்னாரு.

காட்டை விக்கறதா வேண்டாமான்னு எங்க வீட்ல இன்னும் முடிவாகலை. விலை பேசறதை மட்டும் அட்டை வர்ற வரைக்கும் தள்ளி வெச்சிருக்கோம்.